சீனிவெடி அண்ணாச்சி திட்டாத நாள்

சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அந்த ரோட்டில் சீனிவெடி அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத மனிதர் கிடையாது, மாடு கிடையாது, வேகத்தடை கிடையாது. ராஜபாளையத்து நாய் என்றால் ஊரே கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசும். அந்த நாயே இவருடைய வண்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிற சத்தம் கேட்டால் எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் ஒரு தனியார் பேருந்தின் கண்டக்டர். பச்சை வண்டி. சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் கையில் பிடித்துக் கொளுத்துகிற குட்டி வெடி இருக்கிறதே, சீனிவெடி, அதைத்தான் அவருக்குப் பெயராக வைத்திருந்தார்கள். ஆள் அந்த வெடி உயரம்தான். சத்தம் மட்டும் சிவகாசிப் பட்டாசுக் கிட்டங்கி முழுக்க.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். ராஜபாளையத்தில் தினமும் காலையில் ஏறுவேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத அரசு வண்டி அவர் வண்டிக்குப் பின்னாலேயே காலியாக வரும். ஆனாலும் நாங்கள் பாதிப் பேர் காசு கொடுத்து இவர் வண்டியில்தான் ஏறுவோம். ஓசியில் போனால் யார் திட்டுவார்கள்?

திட்டு என்றால் கெட்ட வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ரகம் இல்லை. படியில் நிற்கிற கல்லூரிப் பையனைப் பார்த்து, "ஏலே, உள்ள வாரியா, இல்ல உன்னைய வண்டிக்கு வெளில பெயிண்டடிச்சதா நெனச்சுக்கிடவா?" என்பார். பஞ்சு மூட்டையோடு ஏறுகிற அக்காவிடம், "ஏட்டி, நீயும் மூட்டையும் பேசி முடிவு பண்ணுங்க, ரெண்டுல யாரு சன்னல் சீட்டுன்னு" என்பார். டிரைவர் கிட்டுவுக்குத்தான் அன்றாடம் விசேஷப் பங்கு. "ஏலே கிட்டு, ஆண்டாள் தேரே நிலைக்கு வந்து சேந்துரும், நீ வந்து சேர மாட்ட!" கிட்டு ராஜபாளையத்துத் தெலுங்குக்காரர். எந்த மொழியிலும் பேச மாட்டார். கியரை மட்டும் மாற்றுவார்.

இதற்கெல்லாம் காரணம் குணம் இல்லை, ரத்தம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஸ்டெல்லா சிஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எங்களோடு ஏறுகிறவர். அண்ணாச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற ஆள். ஒருநாள் அவர் ஒருவரைத் திட்டிக்கொண்டே டிக்கெட் கொடுக்கும்போது, நீட்டிய கை நடுங்கியதையும் நெற்றி வேர்த்ததையும் சிஸ்டர் பார்த்துவிட்டார். கைப்பையிலிருந்த சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து அவர் விரலில் குத்தினார்.

"அம்பத்தெட்டு. அண்ணாச்சி, நீங்க கோவமா இல்ல, சீனி கொறைஞ்சு நிக்கீக!"

ஒரு வாய் குளுக்கோஸ் தண்ணீர் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி அதே ஆளிடம், "நல்லாருக்கீகளா, வீட்ல சௌக்கியமா?" என்று கேட்டார். வண்டியே வாயைப் பிளந்தது.

அன்றைக்கு சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அண்ணாச்சி பேருந்து பாஷைக்கு மாற்றிவிட்டார். புதிதாக ஏறுகிறவர்களுக்கு டிக்கெட்டோடு சேர்த்து அதையும் கிழித்துக் கொடுப்பார்.

"ஒடம்புங்கது ஒரு டிப்போ, தாயி. ரத்தத்துல சீனி கொறைஞ்சா, மொதல்ல இன்சுலினுக்கு லீவு குடுத்துருவாக. ஏன்னா அவன்தான் சீனியக் கூட்டிட்டுப் போயி வீடு வீடா விடுறவன். எனக்கு அவன் ஊசில ஏறி உள்ள போயிட்டான். ஏறுன ஆளை நடுவழில எறக்கிவிட முடியுமா? ரெண்டாவது குளுககான்னு ஒருத்தன். கல்லீரல்ல சேத்து வச்ச சீனி இருக்குல்லா, அந்த கோடவுனத் தொறந்துவிடுறவன். என் டிப்போல அவன் எப்பவோ வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போயிட்டான். மிச்சம் இருக்கது அட்ரினலின். அவன்தான் நம்ம ஆளு! விசிலடிப்பான். நெஞ்சு திக்கு திக்குங்கும், கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், வாயி நீளும். கோடவுன் கதவையும் அவனே போயித் தட்டுவான்."

"அம்புட்டுத்தானா அண்ணாச்சி?"

"கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன்னு ரெண்டு பெரிய ஆபீசருக இருக்காக. அவிய ஜீப்பு ஏறி, மெதுவா வந்து சேருததுக்குள்ள வண்டி குடை சாஞ்சிரும்."

ஸ்டெல்லா சிஸ்டர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலேயே சொல்வார்: "எல்லாம் சரிதான். வாய் நீளுறதுக்கு மட்டும் முழுப் பழியையும் அட்ரினலின் மேல போடாதீங்க. மூளைக்குச் சீனி பத்தலன்னாலும் அப்படித்தான்."

"மூளையப் பத்தி இங்க யாரு பேசுனா?" என்பார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் மெஷின் தேவைப்படவில்லை. ரோட்டைத் திட்டினால் சீனி எழுபது. கிட்டுவைத் திட்டினால் அறுபது. செத்துப்போன மாமனாரைத் திட்ட ஆரம்பித்தால் ஐம்பது. அதற்குமேல் யோசிக்கக் கூடாது, வாயில் எதையாவது போட்டுவிட வேண்டும். ஆளாளுக்குப் பையில் ஒன்று வைத்திருந்தோம். தேன் மிட்டாய், எள்ளுருண்டை, கடலை மிட்டாய். என் கைப்பையில் ஆரஞ்சு மிட்டாய்.

இதில் பெரிய பங்கு பால்பாண்டிக்கு. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் கிண்டுகிறவர். ஊர்ப் பெருமையை மடியில் கட்டிக்கொண்டே நடக்கிற ஆள். அண்ணாச்சி மாமனாரின் பெயரை எடுத்த மாத்திரத்தில் டப்பாவைத் திறந்து ஒரு பெரிய உருண்டையை அவர் வாயில் வைத்துவிடுவார். அண்ணாச்சி தின்பார். தின்றுகொண்டே திட்டுவார். பால்பாண்டி இன்னும் கொஞ்சம் வைப்பார். அதையும் தின்று திட்டுவார். பாதி டப்பா காலியாகும்வரை மாமனாருக்கு விமோசனம் இருக்காது. பிறகு சீனி மொத்தமும் ஒரேயடியாக ஏறும். ராஜபாளையத்தில் ஐம்பது, ஸ்ரீவில்லிபுத்தூரில் முந்நூறு.

சிஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். "பால்பாண்டி, கோவாவுல இருக்க நெய்யும் பாலும் சீனியக் கையப் பிடிச்சு நிறுத்திக்கிடும். ரத்தத்துக்கு வந்து சேர நேரமாகும். அவசரத்துக்கு வெறும் சீனி, குளுக்கோஸ். கோவா கூடாது."

பால்பாண்டி முகம் செத்துவிட்டது. "உலகத்துல எங்க ஊரு கோவாவக் கூடாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சிஸ்டர்" என்றார். அதன்பிறகு அவர் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். டப்பாவை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

எங்கள் அக்கறையால் அண்ணாச்சிக்கு ஒரு தொந்தரவும் வந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் குறுக்கே புகுந்து வண்டியை உரசிவிட்டார். அண்ணாச்சி நியாயமாகவே இறங்கி நியாயமாகவே சண்டை போட்டார். நாங்கள் மொத்தப் பேரும் மிட்டாயோடு பின்னாலேயே இறங்கிவிட்டோம். அவர் வாயைத் திறக்கத் திறக்க ஆளுக்கு ஒன்றாக உள்ளே போட்டோம். ஆட்டோக்காரர் பயந்துபோய், "என்னக்கா, ஏதும் விசேசமா?" என்று கேட்டார். அண்ணாச்சி வாய் நிறைய எள்ளுருண்டையோடு எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"ஏன் தாயி, எனக்குன்னு சொந்தமா ஒரு கோவம் வரக் கூடாதா?"

சரி, இந்த மனிதருக்குத் தினமும் காலையில் மட்டும் ஏன் சீனி இறங்குகிறது? அங்கேதான் இருக்கிறது அவருடைய கிறுக்கு. சேத்தூர் வீட்டில் கிளம்புமுன் வீட்டம்மா நினைவுபடுத்த, ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். சாப்பிட மட்டும் மாட்டார். முதல் நடை ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டு, ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் கண்ணால் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் பல்லில் சோறு படும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வைராக்கியம். ஊசி சேத்தூரில், இட்லி ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவிலே இருக்கிற தூரம் முழுக்க நாங்கள் திட்டு வாங்கினோம்.

ஒரு திங்கட்கிழமை. பழைய பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றது. நான் ஓடி வந்து ஏறினேன். தாமதம்தான். என்ன கிடைக்கப்போகிறதோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாங்க தாயி. பாத்து ஏறுங்க" என்றார் அண்ணாச்சி.

நான் பின்னால் திரும்பி, வேறு யாரிடமோ சொல்கிறார் போல என்று பார்த்தேன். யாரும் இல்லை. பஞ்சு மூட்டை அக்காவுக்கு அவரே மூட்டையைத் தூக்கி வைத்தார். ஒருவர் பெரிய நோட்டாக நீட்ட, "சில்லறை இல்லாட்டி என்ன, நாளைக்குத் தாங்க" என்றார். கண்டக்டர் ஒருவர் இப்படிச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? வண்டிக்குள் ஒரே குசுகுசு.

"மகளுக்கு மாப்பிள்ள அமைஞ்சிருச்சோ?"

"இல்ல, சம்பளம் கூட்டிருப்பாக."

"எதுவா இருந்தா என்ன, இன்னைக்காவது காது குளுந்துச்சே!"

நெற்றியில் வேர்வை இல்லை. கையில் நடுக்கம் இல்லை. முகத்தில் கோயில் சிலை மாதிரி ஒரு சிரிப்பு. நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தோம்.

மம்சாபுரம் விலக்கு ஸ்டாப்பில் வண்டி நின்றது. ஆள் இறங்கியது, ஆள் ஏறியது. விசில் வரவில்லை. கிட்டு காத்திருந்தார். விசிலோடு சேர்ந்து வழக்கமாக ஒரு திட்டும் வரும். அதுவும் வரவில்லை. கிட்டு கண்ணாடியில் பார்த்தார். அண்ணாச்சி கம்பியில் சாய்ந்து சிரித்தபடி, விசிலைச் சட்டைப் பொத்தான் ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். நிதானமாக, அதுதான் அதற்கான இடம் என்பது போல.

கிட்டு இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே வந்தார். அவர் குரலையே நாங்கள் அன்றைக்குத்தான் கேட்டோம்.

"ஏமாயிந்தண்ணா?" என்று தெலுங்கில் கேட்டார். அண்ணாச்சி அவரைப் பார்த்தும் சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கத்தினார். "யப்பா, என்னாச்சுன்னு பாருங்க! சேத்தூர்லருந்து இவரு என்னைய ஒரு வார்த்த திட்டல!"

குசுகுசுப்பு நின்றுபோனது. சிஸ்டர் முன்சீட்டிலிருந்து ஓடி வந்தார். "அண்ணாச்சி, என் பேரு என்ன?"

"நல்லா இருங்க தாயி" என்றார் அவர்.

மெஷின் முப்பத்தொன்பது காட்டியது. பால்பாண்டி பின்சீட்டிலிருந்து பறந்து வந்து டப்பாவைத் திறந்தார்.

"கோவாவ மூடுலே!" என்று கத்தினார் சிஸ்டர். ஸ்டெல்லா சிஸ்டர் வாயிலிருந்து 'லே' வந்தது அன்று ஒரு தடவைதான். விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, உட்காரவைத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். கிட்டு வண்டியை எடுத்தார். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. கோர்ட், மில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்து வந்து போனது. ஒருவர்கூட "என் ஸ்டாப்பு" என்று எழுந்திருக்கவில்லை. அத்தனை பேரும் சிஸ்டர் வேலை பார்க்கிற கிளினிக் வாசலில்தான் இறங்கினோம்.

அண்ணாச்சிக்கு நினைவு தெளிந்துவிட்டது. ஆனால் திட்டவில்லை. எங்கே இருக்கிறோம் என்று விழித்துவிட்டு, பயந்துபோய்ச் சும்மா இருந்தார்.

டாக்டரம்மா கேட்டார்: "சர்க்கரை குறைஞ்சா இவருக்கு என்ன அறிகுறி வரும்?"

"திட்டுவாரு!" என்றோம் எல்லோரும்.

"அடிக்கடி குறையுமா?"

"தெனமும்!" என்றோம், ஏதோ அவர் முதல் மார்க் வாங்கியதைப் போலப் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "அதான் விஷயம். தினமும் குறைஞ்சா உடம்பு அதுக்குப் பழகிடும். அட்ரினலின் லேட்டா வரும், கொஞ்சமா வரும், அப்புறம் வராமலே போயிடும். நடுக்கம் இல்ல, வேர்வை இல்ல, கோபம் இல்ல. நேரா மூளைதான் மயங்கும். இன்னைக்கு ஆள் கூட இருந்தீங்க. தூக்கத்துல வந்திருந்தா?"

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். "அப்ப, விசிலடிக்கவன் போயிட்டானா டாக்டரம்மா?"

"திரும்ப வர வாய்ப்பு இருக்கு. சில வாரம் ஒரு தடவைகூடக் குறையாமப் பாத்துக்கிட்டா, உடம்பு மறுபடி கத்துக்கும். ஊசி அளவை மாத்தித் தர்றேன். ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும்."

வண்டி முதலாளி நல்ல மனிதர். கண்டிப்பாகவும் சொல்லிவிட்டார்: நடுக்கம், வேர்வை என்கிற அந்த எச்சரிக்கை திரும்புகிற வரைக்கும் வண்டியில் ஏறக் கூடாது, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டிகளின் நேரம் குறிக்கிற டைம் ஆபீஸில் உட்காரட்டும் என்று. திரும்பாவிட்டால் நிரந்தரமாக அங்கேதான். அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட அந்த நாற்காலிதான் பயமாக இருந்தது. "வண்டி இல்லன்னா நான் யாரப் போயித் திட்ட, தாயி?" என்று என்னிடம் கேட்டார்.

அவ்வளவு பயத்திலும் சாப்பாட்டில் மட்டும் இறங்கி வரவில்லை. "கோபுரம் பாக்காம எப்படிச் சாப்புட?"

"ஆண்டாள் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாங்க" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

"நீங்க மாதா கோயிலு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொம்பளைக்குப் பொம்பள தெரியும், அண்ணாச்சி. பட்டினி கெடந்து வந்து நிக்கவனப் பாத்தா எந்தத் தாயிக்கும் ஆத்திரந்தான் வரும்."

அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் பால்பாண்டி மடியிலிருந்த டப்பாவை நீட்டினார். அண்ணாச்சி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எலேய், கோவா கூடாதுன்னு சிஸ்டரு..."

"உள்ள பாக்காதீக. மூடியப் பாருங்க."

மூடியில் கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவா டப்பாவில் வேறென்ன போடுவார்கள்? அண்ணாச்சி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஒவ்வொரு நிலையாக மேலே பார்த்துக்கொண்டே போனார். அவர் கண்ணில் அந்த அச்சுக் கோபுரம் நிஜக் கோபுரத்தின் உயரத்துக்கு வளர்ந்திருக்க வேண்டும். டப்பாவைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கலசமெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து சேத்தூர் வீட்டு அடுப்புக்கு மேலே காலி டப்பா ஒன்று இருக்கிறது. ஊசி, கோபுரம், இட்லி. இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் வீட்டம்மா கிட்டுவுக்குப் போன் போட்டுவிடுவார். பால்பாண்டி முன்சீட்டுக்குத் திரும்பி வந்தார். "கோவா கைவிட்டாலும் டப்பா கைவிடல, பாத்தீகளா சிஸ்டர்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டினார்.

எங்களுக்குத்தான் கஷ்டகாலம். மாற்றாக ஒரு கண்டக்டர் வந்தார். தங்கமான பிள்ளை. "ப்ளீஸ், கொஞ்சம் உள்ளே நகருங்க" என்பார். ஒருவரும் நகர மாட்டோம். கிட்டு வண்டியை மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். கேட்டால், "ஊக்கம் இல்ல" என்றார். ஒருமுறை பேசிப் பழகிவிட்டதால் இப்போது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

தினமும் காலையில் டைம் ஆபீஸ் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். அண்ணாச்சி அடக்கமாகத் தலையாட்டுவார். மெஷினில் நூற்றிருபது, நூற்று முப்பது. நல்ல எண்கள். ஆனாலும் வீட்டில் ஏதோ சாமான் குறைந்த மாதிரி இருக்கும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிறேன், டைம் ஆபீஸிலிருந்து சத்தம். "இது ரோடா, இல்ல எவனும் உழுதுட்டு விதைக்காமப் போன நெலமா? கேக்க ஆளில்லையா?"

நான் ஓடினேன். எனக்கு முன்னால் சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. அவர் நீட்டிய கை அழகாக, தெளிவாக, ஊரறிய நடுங்கியது.

"அறுபத்தெட்டு!" என்றார் சிஸ்டர். ரோட்டுக்கு எழுபது. எங்கள் கணக்கு தப்பவில்லை.

அன்றைக்கு இட்லியில் ஒன்றைப் பூனைக்குப் போட்டிருக்கிறார், பாவி மனுஷன். குளுக்கோஸைக் குடித்துவிட்டு, நடுங்குகிற தன் கையைத் தானே பார்த்துக்கொண்டே இருந்தார். "வந்துட்டான், தாயி" என்றார். "போனவன் வந்துட்டான்."

டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். பூனைக் கதையைக் கேட்டதும் அவரும் தன் பங்குக்குத் திட்டினார். ஊசி அளவை இன்னொரு தடவை பார்த்துச் சரிசெய்து, வண்டிக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த திங்கள் நான் வழக்கம்போலத் தாமதம். ஓடி வந்து படியில் கால் வைத்தேன்.

"ஏட்டி! வண்டி ஒனக்காகவா பொறந்துச்சு? கோர்ட்டுல ஜட்ஜி வந்து ஒக்காந்தாச்சு, இவ இன்னும் பூ வச்சு முடிக்கல!"

என் கை தானாகப் பைக்குள் போனது. ஆரஞ்சு மிட்டாயை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். அவர் பின்னால் சாய்ந்து தப்பித்தார்.

"அத உள்ள வையி. இப்பத்தான் பாத்தேன், நூத்திப் பத்து. அட்ரினலினும் இல்ல, கிட்ரினலினும் இல்ல. இது நானு!"

விசில் ஊதினார். கிட்டு சிரித்தபடி கிளப்பினார். கம்பியைப் பிடிக்க மறந்து நான் பஞ்சு மூட்டை மேல் விழுந்தேன். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

இப்போது எனக்கு வேலை ராஜபாளையத்திலேயே. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு காலை அந்தப் பச்சை வண்டியில், வேண்டுமென்றே தாமதமாக, ஓடிப்போய் ஏறுகிறேன். அண்ணாச்சி ஆரம்பிப்பார். நான் முதலில் அவர் கையைப் பார்ப்பேன். நடுக்கம் இல்லையென்றால், சன்னலோரமாக உட்கார்ந்து நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொள்வேன்.